பிரெடி மெர்க்குரி

பிரெடி மெர்க்குரி (செப்டம்பர் 5, 1946 – நவம்பர் 24, 1991) ஒரு பிரித்தானியப் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். குயின் என்னும் ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடகராக உலகப் புகழ் பெற்றவர். பார்சி குடும்பத்தில் பிறந்த இவரது இயற்பெயர் ஃபரோக் புல்சாரா என்பதாகும். சான்சிபாரில் பிறந்து, இந்தியாவில் பள்ளிக் கல்வி பெற்று, பதினேழாம் அகவையில் இங்கிலாந்தில் குடியேறினார். 1970களில் தொடங்கிய இவரது புகழ் 1980களில் அரங்குகளைத் தாண்டித் திறந்தவெளி மைதானங்களை நிரப்பியது. அப்பத்தாண்டின் மேற்கத்தியப் பாடல்களைத் தேடிக் கேட்பவர்கள் முதலில் நாடும் குரல்களுள் இவருடையதும் ஒன்று. மேடையில் எதையும் ஒளிக்காதவராகத் தோன்றிய இவர், தமது பிறப்பு, சொந்த வாழ்க்கை, நோய் ஆகியவற்றைப் பற்றி வெளியில் மிகக் குறைவாகவே பேசினார்.

பிறப்பும் இளமையும்

ஃபரோக் புல்சாரா, அக்காலத்தில் பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த சான்சிபார்த் தீவின் கல் நகரத்தில் பிறந்தார். தந்தை போமி புல்சாரா அங்கு ஆங்கிலேய அரசுப் பணியில் காசாளராக இருந்தார். தாயார் பெயர் ஜெர். இருவரும் குசராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். குசராத்தின் புல்சார் (இன்றைய வல்சாடு) என்னும் ஊரின் பெயரே குடும்பப் பெயராக அமைந்தது. இவருக்கு ஒரு தங்கை உண்டு. குடும்பத்தினர் சரத்துசுத்திர சமயத்தைப் பின்பற்றினர்.

எட்டாம் அகவையில் ஃபரோக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். மகாராட்டிர மாநிலத்தின் மலை நகரமான பஞ்சகனியில் உள்ள புனித பீட்டர் பள்ளியில் விடுதி மாணவராகச் சேர்ந்தார். அங்கு பியானோவும் பயின்றார். வானொலியில் ஒருமுறை கேட்ட பாடலை உடனே பியானோவில் வாசித்துக் காட்டும் திறமை அவருக்கு இருந்ததாக உடன் பயின்றவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். 1958இல் பள்ளி நண்பர்களுடன் சேர்ந்து எக்டிக்சு என்ற சிறு இசைக்குழுவைத் தொடங்கினார். நண்பர்கள் அழைத்த பிரெடி என்ற பெயர் இப்பள்ளி நாட்களிலேயே நிலைத்துவிட்டது.

1963இல் அவர் சான்சிபாருக்குத் திரும்பினார். 1964 சனவரியில் அங்கு புரட்சி வெடித்து, அராபியரும் தெற்காசியரும் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டனர். புல்சாரா குடும்பம் உடைமைகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, இலண்டனின் மேற்கே உள்ள பெல்தம் பகுதியில் ஒரு சிறிய வீட்டில் குடியேறியது.

குயின் இசைக்குழுவின் தோற்றம்

இங்கிலாந்தில் பிரெடி ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்று 1969இல் பட்டயம் பெற்றார். ஈத்ரோ விமான நிலையத்தில் பொதிகளைக் கையாளும் வேலை உட்படச் சிறு வேலைகள் சில செய்தார். கென்சிங்டன் சந்தையில் நண்பர் ரோசர் டெய்லருடன் சேர்ந்து பழைய ஆடைகளை விற்கும் கடை ஒன்றையும் நடத்தினார்.

டெய்லரும் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் இருந்த சிமைல் என்ற குழுவின் பாடகர் விலகியபின், 1970இல் பிரெடி அவர்களுடன் இணைந்தார். குழுவுக்குக் குயின் என்று பெயரிட்டவர் அவரே. ஏறத்தாழ அதே காலத்தில் தமது குடும்பப் பெயரையும் மெர்க்குரி என மாற்றிக்கொண்டார். 1971இல் பேஸ் கிட்டார் கலைஞர் சான் டீக்கன் சேர்ந்ததுடன் குழு முழுமை பெற்றது. இந்நால்வரும் மெர்க்குரியின் இறுதிவரை பிரியவில்லை. நால்வரின் இராசிகளையும் கொண்டு குழுவின் சின்னத்தை வரைந்தவரும் மெர்க்குரியே. அதில் உள்ள இரு சிங்கங்கள் டீக்கனையும் டெய்லரையும், நண்டு மேயையும், இரு தேவதைகள் கன்னி இராசியில் பிறந்த மெர்க்குரியையும் குறிக்கின்றன.

முதல் இசைத்தொகுப்பு 1973இல் வெளிவந்தது. 1975இல் வெளியான போகிமியன் ராப்சொடி என்ற பாடல் குழுவின் நிலையை மாற்றியது. ஏறத்தாழ ஆறு நிமிடம் நீளும் இப்பாடலில் மென்மையான பகுதி, ஓப்பரா, கடும் ராக் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. திரும்ப வரும் பல்லவி கிடையாது. இவ்வளவு நீண்ட பாடலை வானொலிகள் ஒலிபரப்பமாட்டா என்ற அச்சம் பொய்யானது. பாடல் பிரித்தானியத் தரவரிசையில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

1980கள்

1979இன் இறுதியில் வெளிவந்த கிரேசி லிட்டில் திங் கால்டு லவ் என்ற பாடலை மெர்க்குரி மியூனிக் நகர விடுதி ஒன்றில் குளித்துக்கொண்டிருந்தபோது சில நிமிடங்களில் இயற்றினார். அது 1980இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டில் டீக்கன் இயற்றிய அனதர் ஒன் பைட்சு த டசுட்டு என்ற பாடலும் அங்கு முதலிடத்தை அடைந்தது. அதுவரை சிந்தசைசர் கருவியைத் தவிர்த்துவந்த குழு, 1980ஆம் ஆண்டின் த கேம் தொகுப்பில் முதன்முறையாக அதனைப் பயன்படுத்தியது.

1981இல் குழு தென்னமெரிக்காவில் பயணம் செய்தது. சாவோ பாவுலோவில் ஓர் இரவில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். ஆங்கிலம் தாய்மொழியல்லாத அக்கூட்டம் லவ் ஆப் மை லைப் என்ற பாடலைத் தானே பாட, மெர்க்குரி பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் வெளியான கிரேட்டசுட்டு இட்சு, பிரித்தானியாவில் மிக அதிகமாக விற்பனையான இசைத்தொகுப்பாக விளங்குகிறது. 2022இல் இதன் விற்பனைக் கணக்கு அந்நாட்டில் 70 இலட்சத்தைக் கடந்தது.

பத்தாண்டின் நடுப்பகுதி குழுவுக்கு எளிதாக இருக்கவில்லை. நடன இசையை நோக்கிச் சென்ற ஆட்டு இசுபேசு (1982) தொகுப்பு பழைய இரசிகர் பலரை ஏமாற்றியது. ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ (1984) பாடலின் நிகழ்படத்தில் நால்வரும் பெண் வேடத்தில் தோன்றினர். பிரித்தானியாவில் சிரிப்பை வரவழைத்த இந்நிகழ்படம் அமெரிக்காவில் எதிர்ப்பைச் சந்தித்தது. 1982க்குப் பின் மெர்க்குரியுடன் குழு அமெரிக்காவில் இசைப்பயணம் மேற்கொள்ளவே இல்லை. 1984 அக்டோபரில், இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி அரங்கில் நிகழ்ச்சிகள் நடத்தியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. ஐக்கிய நாடுகள் அவையின் பண்பாட்டுப் புறக்கணிப்பை மீறியதாகக் குழு குற்றஞ்சாட்டப்பட்டது. இங்கிலாந்தின் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது. குழுவின் காலம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது.

லைவ் எயிட் நிகழ்ச்சி

எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக சூலை 13, 1985 அன்று இலண்டன் வெம்பிளி மைதானத்திலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் லைவ் எயிட் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. செயற்கைக்கோள் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது ஒளிபரப்பானது. குயின் குழு மாலை 6.41க்கு வெம்பிளி மேடையேறியது. பகல் வெளிச்சம் மறையாததால் குழுவின் வழக்கமான ஒளியமைப்புகளுக்கு இடமில்லை. ஒதுக்கப்பட்ட நேரம் ஏறத்தாழ இருபது நிமிடங்களே.

புதிய பாடல்களை விளம்பரப்படுத்த முயலாமல், எல்லாரும் அறிந்த ஆறு பாடல்களைச் சுருக்கி, முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வந்திருந்தது குழு. மெர்க்குரி பியானோவில் போகிமியன் ராப்சொடியின் முதற்பகுதியைத் தொடங்கியதும் கூட்டம் சேர்ந்து பாடியது. ரேடியோ கா கா பாடலின்போது ஏறத்தாழ 72,000 பேர் தலைக்குமேல் கைகளை உயர்த்தி ஒரே தாளத்தில் தட்டினர். பாடல்களுக்கிடையே மெர்க்குரி சொற்களற்ற சிறு இராகத் துணுக்குகளைப் பாட, மைதானம் அவற்றைத் திருப்பிப் பாடியது. வீ ஆர் த சாம்பியன்ஸ் பாடலுடன் நிகழ்ச்சி நிறைவுற்றது. ராக் இசை வரலாற்றின் தலைசிறந்த மேடை நிகழ்ச்சியாக இதனைப் பலர் மதிப்பிடுகின்றனர். சோர்ந்திருந்த குழுவும் இதனால் புத்துயிர் பெற்றது.

அடுத்த ஆண்டின் ஐரோப்பிய இசைப்பயணத்தில் குழு அங்கேரியின் புடாபெசுட்டு நகரிலும் பாடியது. ஆகத்து 9, 1986 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்த நிகழ்ச்சியே மெர்க்குரி குயின் குழுவுடன் நிகழ்த்திய இறுதி முழுக் கச்சேரி ஆகும்.

தனிப் படைப்புகள்

1985இல் மிசுட்டர் பேட் கை என்ற தனித் தொகுப்பை மெர்க்குரி வெளியிட்டார். ஓப்பராவில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், எசுப்பானிய ஓப்பராப் பாடகி மொன்செராட் கபாயேயுடன் இணைந்து 1988இல் பார்சிலோனா என்ற தொகுப்பை வெளியிட்டார். ராக் பாடகர் ஒருவர் ஓப்பராப் பாடகியுடன் ஒரு முழுத் தொகுப்பையும் பாடுவது அன்று வழக்கத்துக்கு மாறானது. இதன் தலைப்புப் பாடல் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளின்போது பரவலாக ஒலித்தது. அப்போது மெர்க்குரி உயிருடன் இல்லை.

குரலும் மேடைப் பாங்கும்

மெர்க்குரியின் பேச்சுக் குரல் தாழ்ந்த நிலையில் இருந்தபோதிலும், பாடும்போது உயர்ந்த நிலைகளை எளிதாக எட்டினார். பிறவியிலேயே நான்கு பற்கள் கூடுதலாக இருந்தமையால் மேல்வரிசைப் பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. தம் குரல்வளத்துக்கு அவையே காரணம் என்று நம்பியதால் அவற்றை அகற்ற மறுத்தார். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அவரது குரலின் அதிர்வு பிற பாடகர்களுடையதைவிட வேகமாகவும் ஒழுங்கற்றும் இருந்ததைக் கண்டறிந்தது.

அடிப்பகுதியற்ற அரை ஒலிவாங்கிக் கம்பம் இவரது அடையாளமாயிற்று. தொடக்ககால நிகழ்ச்சி ஒன்றில் கம்பம் உடைந்துபோக, அதனை அப்படியே பிடித்துப் பாடியதிலிருந்து இவ்வழக்கம் உண்டானதாகக் கூறப்படுகிறது.

சொந்த வாழ்க்கை

1970களில் மேரி ஆசுட்டின் என்பவருடன் வாழ்ந்த மெர்க்குரி, பிரிந்த பின்னரும் அவரையே தமது நெருங்கிய நட்பாகக் கருதினார். இறுதி ஆண்டுகளில் சிம் அட்டன் அவரது வாழ்க்கைத் துணைவராக இருந்தார். இவற்றைப் பற்றியோ, இந்தியாவில் கழித்த பள்ளி நாட்களைப் பற்றியோ பேட்டிகளில் அவர் அரிதாகவே பேசினார். பூனைகளிடம் பெரும் அன்பு கொண்டிருந்தார். டிலைலா என்ற தமது பூனையைப் பற்றி ஒரு பாடலே இயற்றினார்.

நோயும் மறைவும்

1987இல் மெர்க்குரிக்கு எயிட்ஸ் நோய் இருப்பது உறுதிசெய்யப்பட்டது. நெருங்கியவர்கள் சிலரைத் தவிர வேறெவருக்கும் இது தெரிவிக்கப்படவில்லை. அவர் மெலிந்துவருவதைக் கண்ட பத்திரிகைகள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தன. ஆயினும் அவர் மறுத்தே வந்தார். நேரம் குறைவு என்பதை உணர்ந்து, சுவிட்சர்லாந்தின் மொந்துரோ நகரில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இயன்றவரை பாடிப் பதிவுசெய்தார். மதர் லவ் என்ற பாடலின் கடைசிப் பகுதியைப் பாட அவருக்கு இயலவில்லை. பின்னர் பிரையன் மே அதனைப் பாடி நிறைவுசெய்தார்.

நவம்பர் 23, 1991 அன்று தமக்கு எயிட்ஸ் இருப்பதை மெர்க்குரி ஓர் அறிக்கை மூலம் வெளிப்படுத்தினார். மறுநாள் இலண்டனில் தமது இல்லத்தில், நோயின் விளைவான நுரையீரல் அழற்சியால் 45ஆம் அகவையில் காலமானார். சரத்துசுத்திர முறைப்படி இறுதிச் சடங்கு நடைபெற்று உடல் தகனம் செய்யப்பட்டது. சாம்பல் வைக்கப்பட்ட இடம் வெளியிடப்படவில்லை.

நோயை முன்னரே அறிவித்திருந்தால் விழிப்புணர்வும் நிதியும் பெருகியிருக்கும் என்று சிலர் குறை கூறினர். எயிட்ஸ் நோயாளிகள் வெறுத்து ஒதுக்கப்பட்ட காலம் அது என்பதையும், உழைக்கும் அமைதி அவருக்குத் தேவைப்பட்டது என்பதையும் மற்றவர்கள் சுட்டிக்காட்டினர். ஏப்ரல் 20, 1992 அன்று வெம்பிளியில் நினைவு இசைநிகழ்ச்சி நடத்தப்பட்டது. அதன் வருவாயைக் கொண்டு எயிட்ஸ் ஒழிப்புக்காக மெர்க்குரி பீனிக்சு அறக்கட்டளை நிறுவப்பட்டது.

1980களின் குறிப்பிடத்தக்க பாடல்கள்

• அண்டர் பிரஷர் (1981): டேவிட் போவியுடன் இணைந்து பாடியது. டீக்கனின் எளிய பேஸ் கிட்டார் இசையில் தொடங்கி, இரு வேறு குரல்களின் மோதலாக வளர்கிறது. பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது.
• ரேடியோ கா கா (1984): டெய்லர் இயற்றியது. தொலைக்காட்சியின் முன் மங்கிவரும் வானொலியை ஏக்கத்துடன் நினைவுகூர்வது. பழைய பாடல்களை விரும்புவோருக்கு நல்ல தொடக்கம்.
• ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ (1984): டீக்கன் இயற்றியது. தென்னமெரிக்காவில் விடுதலைப் பாடலாகப் பொருள்கொள்ளப்பட்டது.
• லிவிங் ஆன் மை ஓன் (1985): தனித் தொகுப்பில் இடம்பெற்றது. தனிமையைத் துள்ளலான தாளத்தில் பாடுவது. இதன் மறுகலவை 1993இல் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது.
• ஊ வான்ட்சு டு லிவ் ஃபாரெவர் (1986): மே இயற்றியது. குழுவின் ஆரவாரமற்ற பக்கத்தை அறிய உதவுவது.
• பார்சிலோனா (1987): கபாயேயுடன் பாடியது. மெர்க்குரியின் குரலின் எல்லையை அறிய விரும்புவோர் கேட்க வேண்டியது.

நினைவுச் சின்னங்கள்

மொந்துரோவில் ஏரியை நோக்கி நிற்கும் மெர்க்குரியின் சிலை 1996இல் திறக்கப்பட்டது. 2018இல் வெளியான போகிமியன் ராப்சொடி திரைப்படத்தில் மெர்க்குரியாக நடித்த ரமி மலேக் சிறந்த நடிகருக்கான ஆசுக்கார் விருது பெற்றார். லைவ் எயிட் நிகழ்ச்சிக்கு முன்னரே மெர்க்குரி தமது நோயை அறிந்திருந்ததாக அத்திரைப்படம் காட்டுவது வரலாற்றுக்கு முரணானது. 2016இல், அவரது எழுபதாவது பிறந்தநாளையொட்டி, 17473 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.