காலம் கொண்ட கற்பனைக் கோட்டை

கடல் கொண்ட குமரி நாட்டைப் பற்றி நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். பஃறுளியாறும் குமரிக்கோடும் அலைவாய்ப்பட்ட கதையைச் சிலம்பு சொல்லுகிறது. பெருங்கண்டம் ஒன்று அங்கே மூழ்கியது என்பதை நிலநூலார் ஏற்கவில்லை. ஆயினும் தமிழன் நெஞ்சில் அந்நாடு வாழ்கிறது. காணாத நாட்டுக்கும் கண்ணீர் வடிக்கும் இதயம் நமக்கு!

ஆனால் கண்ணெதிரே இருந்து மறைந்த கற்பனை நாடு ஒன்றும் உண்டு. சேலத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருந்தது அது. பெயர், மாடர்ன் தியேட்டர்ஸ். ஆண்டவர், டி. ஆர். சுந்தரம்.

கொங்கு மண்ணின் திருச்செங்கோட்டைத் தம் பெயரிலேயே சுமந்த அவர் பிறந்தது 1907-இல். கடல் கடந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படித்தது நெசவுத் தொழில்நுட்பம். திரும்பி வந்து தறி ஓட்டியிருக்கலாம், பஞ்சாலை கண்டிருக்கலாம். அவரோ கதை நெய்யத் துணிந்தார். படமெடுக்க வேண்டுமென்றால் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஓடிய காலம் அது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று கொங்கு நாடே கொட்டகைகளுக்குப் படம் வழங்கும் நாடாயிற்று.

அவரும் புராணத்தில்தான் தொடங்கினார். 1937-இல் வந்தது சதி அகல்யா. அடுத்த ஆண்டு, மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் அதே நிறுவனத்தில் உருவாயிற்று. 1947-இல், கேள்வி கேட்டு, விடை தெரியாதவன் தலையை வாங்கும் இளவரசியின் கதையான ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி. 1956-இல் அரபுக் கதையை எடுத்து, அலிபாபாவும் 40 திருடர்களும் என்று தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமாக்கினார். பனிக்காலத்தோடு அழிந்த சடை யானைகள் நம் காட்டில் இன்னும் உலவுவதாகப் புனைந்த ஆங்கிலப் படத்துக்கும், 1952-இல், அமெரிக்க நிறுவனத்தோடு கை கோத்தார்.

மாயமும் மந்திரமும் மக்களை மயக்கும் மருந்தல்லவா, அதைப் போற்றலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நம்பு, நம்பாவிட்டால் பாவம் என்று மிரட்டுகிற கதை வேறு. இது கதை, கேட்டு மகிழ், பிறகு சிந்தி என்கிற கதை வேறு. முன்னது விலங்கு, பின்னது விளக்கு. குகை திறக்கும் மந்திரச் சொல்லைக் கேட்டுக் கைதட்டிய தொழிலாளி, வீடு திரும்பி எந்தப் பாறைக்கும் படையல் போடவில்லை!

அந்த விளக்கு சுடர்விட்ட ஆண்டு 1950. ஐம்பெருங்காப்பியங்களில் குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. எஞ்சியவை 19 பாடல்களே. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனையே கீழே தள்ளிய பெண்ணின் கதை அது. அதிலிருந்து 26 வயது இளைஞர் மு. கருணாநிதி உரையாடல் தீட்ட, எம்.ஜி.ஆர். நடிக்க, எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, மந்திரி குமாரி வந்தது. அரசனை ஆட்டிப்படைக்கும் இராஜகுரு, பகலில் பெரிய இடத்துப் பிள்ளையாகவும் இரவில் கொள்ளையனாகவும் திரியும் அவன் மகன். பழங்கதை உடையில் பக்கத்துத் தெருவையே பார்த்தனர் மக்கள். அடுத்து, 72 பாடல்களே எஞ்சிய வளையாபதியின் பெயரில், 1952-இல், பாவேந்தர் பாரதிதாசன் எழுத ஒரு படம். புலவர் வீட்டுப் பரணிலும் கிடைக்காத காப்பியங்களின் பெயர்கள், டெண்டுக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்தவன் நாவில் ஏறின. தொலைந்ததை மீட்பது என்றால் இதுவன்றோ!

சுந்தரம் நம் இயக்கத்தவர் அல்லர், முதலாளி. கண்டிப்புக்குப் பெயர் போனவர். எனினும், எழுத்து மக்களைத் தொடும் என்று கண்டதும் எழுதுவோனுக்குக் கதவைத் திறந்தார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்தது அந்நிறுவனம். 1963 ஆகஸ்ட் 30-இல், தமது 56-ஆம் வயதில், அவர் மறைந்தார். அவருக்குப் பின் சில காலம் ஓடிய தறி, பிறகு நின்றது. அரங்குகள் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. நுழைவு வளைவு மட்டும் நின்றது.

குமரியைக் கடல் கொண்டதாகக் கதை சொல்கிறோம். இந்தக் கோட்டையைக் கொண்டது கடலன்று, நம் மறதி. குண்டலகேசிக்கு 19 பாடல், சுந்தரத்தின் கோட்டைக்கு ஒரு வளைவு! பழம்பெருமை பேசும் வாய், பக்கத்துப் பெருமையைக் காக்கவும் பழகட்டும். எஞ்சிய படச்சுருளையேனும் பேணுவோம். இல்லையேல் நாளைய பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு குமரிக் கண்டம்!