எண்ணில் கோபுரம் கண்டவர்

இராஜபாளையத்தினின்று திருவில்லிபுத்தூருக்குச் செல்வோர், வடபத்திரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைத் தொலைவிலேயே கண்டு மகிழ்வர். அடி அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகி, விண்ணளாவ நிற்பது அக்கோபுரம். அத்தகைய அமைப்பை எண்களுக்குள்ளே கண்டு உலகிற்குக் காட்டிய பேரறிஞர் ஒருவர் நம் தமிழகத்தில் தோன்றினார். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கர். கணிதத்திலேயே உள்ளம் தோய்ந்த இராமானுஜன் பிற பாடங்களைப் புறக்கணித்தார். அதனால் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார், தேர்விலும் தோல்வியுற்றார். 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்திற்கு எழுத்தராய் அமர்ந்தார். மறு ஆண்டில் அவர் ஹார்டி என்னும் ஆங்கிலப் பேராசிரியருக்கு எழுதிய கடிதம் அவர்தம் வாழ்வை மாற்றியது. 1914ஆம் ஆண்டில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் நகரை அடைந்தார்.

ஆங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்றை அறிவோம். 12 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறாகும். இவற்றை வகுத்திகள் என்பர். பன்னிரண்டினும் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னினும் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் தொகையால் விஞ்சும் எண்களையே அவர் ஆராய்ந்தார். அவற்றைப் பகா எண்களாகப் பிரித்தால், சிறிய பகா எண்கள் மிகுந்தும் பெரியவை குறைந்தும் கோபுரம்போல் அமைதலை நிறுவினார்.

அத்தகைய எண்கள் 102ஐக் கணித்துப் பட்டியலிட்டார். அவற்றுள் இறுதியானது 67,46,32,83,88,800. இதன் வகுத்திகள் 10,080! இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும்.

அப்பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டுவிட்டது. அது 2,93,31,86,25,600. இதனை 23ஆல் பெருக்கினால் மேற்கூறிய இறுதி எண்ணே வரும். உச்சிக் கலசத்தை ஏற்றியவர், அதனைத் தாங்கும் நிலையை எண்ண மறந்தார் போலும்! பின்வந்த அறிஞர் அதனைக் கண்டு சேர்த்தனர். கணிப்பொறி இல்லாத அந்நாளில் கையாலேயே கணக்கிட்டவர்க்கு இவ்வொரு வழு இழுக்காகாது. அவர்தம் உழைப்பின் பெருமையையே அது புலப்படுத்தும்.

இவ்வாராய்ச்சி 1915ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது போர்க்காலம். வெளியிட்ட இலண்டன் கணிதக் கழகம் பொருள் முட்டுற்றிருந்தமையால் ஒரு பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி 1997ஆம் ஆண்டிலேதான் அச்சாயிற்று. தாயகத்தில் தேர்வில் தோற்றவர்க்கு, இவ்வாராய்ச்சிக்காகவே 1916ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. 1918ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

ஆயினும் நோய் அவரை விடவில்லை. 1919ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டே.

மாணவர்களே! தேர்வில் உற்ற தோல்வி அவர் அறிவை அளக்கவில்லை; பட்டியலில் விடுபட்ட எண்ணும் அவர் புகழைக் குறைக்கவில்லை. தளரா உழைப்பே அவரை உயர்த்தியது. நாமும் அதனைப் போற்றிக் கைக்கொள்வோமாக!