தசையின் மின்னாற்றல் கண்ட கால்வானி

இமை திறப்பதும், எழுதுகோல் பிடிப்பதும், நடப்பதும், நகைப்பதும் தசைகளின் தொழிலே. எலும்புகளைப் பற்றி நின்று இயக்கும் தசைகள் மட்டும் மனித உடலில் 600-க்கும் மேற்பட்டவை. இவை தவிர, ஓயாது துடிக்கும் இதயத்தசையும், குடல், இரத்தக்குழாய் முதலியவற்றின் சுவர்களில் அமைந்துள்ள வரியற்ற தசையும் உண்டு. இத்தசைகளைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் எது? இவ்வினாவிற்குத் தவளையின் காலில் விடை தேடியவர் இத்தாலிய மருத்துவ அறிஞர் லூயிஜி கால்வானி.

கால்வானி 1737-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பொலோனியா நகரில் பிறந்தார். இளமையில் துறவு வாழ்வில் நாட்டம் கொண்டிருந்த அவர், பின்னர் அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவமும் தத்துவமும் பயின்று 1759-இல் பட்டம் பெற்றார். 1762-இல் தம் உடற்கூற்றியல் பேராசிரியரின் மகளாகிய லூசியா கலியாட்சியை மணந்தார். கல்வியிற் சிறந்த லூசியா இல்லத்துணைவியாக மட்டுமன்றி ஆய்வுத்துணைவியாகவும் விளங்கினார். மகப்பேறு வாய்க்காத அவ்விணையருக்கு ஆய்வே பெருஞ்செல்வமாயிற்று.

அக்காலத்தில் தசையியக்கம் குறித்து வழங்கிய கருத்து மிகப் பழமையானது. மூளையில் தோன்றும் நுண்ணிய ஆவியொன்று நரம்புகளின் வழியே பாய்ந்து தசையைப் புடைக்கச் செய்கிறது என்று கேலன் காலந்தொட்டு மருத்துவர்கள் நம்பி வந்தனர். சுருங்கும்போது தசையின் கனஅளவு பெருகுவதில்லை என்பதை ஹாலந்து நாட்டு அறிஞர் சுவாமர்டாம் 17-ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார். பழைய கருத்து ஆட்டங்கண்டது. ஆயினும் அதன் இடத்தில் வைக்கத்தக்க புதிய விளக்கம் எழவில்லை.

1780-ஐ ஒட்டிக் கால்வானி தம் இல்லத்து ஆய்வுக்கூடத்தில் தவளைக் கால்களைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். ஒருநாள் உராய்வினால் மின்னூட்டும் எந்திரத்திலிருந்து பொறி தெறித்த அதே நொடியில், உதவியாளர் ஒருவரின் அறுவைக்கத்தி தவளையின் தொடை நரம்பைத் தொட்டது. உயிரற்ற அக்கால் வெட்டி இழுத்தது! எந்திரத்திற்கும் தவளைக்கும் இணைப்பு ஏதுமில்லை. தற்செயல் என்று அதனைத் தள்ளிவிடாது, பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்தார் கால்வானி. 1786-இல் பித்தளைக் கொக்கிகளில் கோத்த தவளைக் கால்களை இரும்புக் கிராதியில் தொங்கவிட்டார். இடியும் மின்னலும் இல்லாத தெளிந்த வானிலையிலும், கொக்கி இரும்பிற் பட்டபோதெல்லாம் தசைகள் சுருங்கின. ஆகவே மின்னாற்றல் தசையினுள்ளேயே உறைகிறது. உலோகம் அதற்கு வழி திறந்துவிடுகிறது என்று அவர் முடிவு செய்தார். மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் லெய்டன் சாடியைப் போன்றது தசை என்பது அவர் கண்ட உவமை. 1791-இல் இம்முடிவுகளை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். அது அச்சேறும் முன்பே லூசியா மறைந்துவிட்டார்.

பாவியா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் அலெசாண்ட்ரோ வோல்டா முதலில் இக்கருத்தை வரவேற்றார். பின்னர்த் தாமே சோதித்து, மின்னாற்றல் தசையிலன்று, இருவேறு உலோகங்களின் சேர்க்கையில் பிறக்கிறது என்று மறுத்தார். ஐரோப்பிய அறிஞருலகம் இரு கட்சியாயிற்று. இயல்பிலேயே அடக்கம் மிக்க கால்வானி, சொற்போரில் இறங்காமல் சோதனையாலேயே விடை தந்தார். 1794-இல் உலோகமே இன்றி, வெட்டுண்ட தசையின்மீது நரம்பைப் படியவைத்துச் சுருங்கச் செய்து காட்டினார். 1797-இல் ஒரு காலின் நரம்பை மற்றொரு காலின் நரம்போடு பொருத்தியே அவ்விளைவைப் பெற்றார்.

அதற்குள் அரசியல் சூழல் மாறிற்று. 1796-இல் நெப்போலியனின் படை பொலோனியாவைக் கைக்கொண்டது. தொடர்ந்து நிறுவப்பட்ட சிசால்பைன் குடியரசு, பேராசிரியர்கள் அனைவரும் தனக்கு உறுதிமொழி அளிக்கவேண்டும் என்று ஆணையிட்டது. தம் சமயப்பற்றுக்கும் மனச்சான்றுக்கும் மாறான அவ்வுறுதிமொழியைக் கால்வானி ஏற்கவில்லை. பதவியும் ஊதியமும் பறிபோயின. முதுமையில், வறுமையில், சகோதரரின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். அவருக்கு மீண்டும் பதவியளிக்க அரசு பின்னர் இசைந்தபோதிலும் அது கைகூடும் முன்னரே, 1798 டிசம்பர் 4-ஆம் நாள் உயிர்நீத்தார்.

1800-இல் வோல்டா தம் மின்கல அடுக்கை அறிவித்தார். உலகம் அவரைக் கொண்டாடிற்று. கால்வானி தோற்றார் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1840-களில் இத்தாலியின் மத்தேயுச்சியும் ஜெர்மனியின் துபுவா-ரேமோனும் நுண்ணிய கருவிகளால் தசையின் மின்னோட்டத்தை அளந்து காட்டினர். உலோகங்களின் மின்விளைவு பற்றி வோல்டா கூறியதும் மெய். உயிர்த்தசையின் மின்னாற்றல் பற்றிக் கால்வானி கூறியதும் மெய் என்பது புலனாயிற்று.

இன்று நாம் அறியும் தசையின் அமைப்பு இதனை மேலும் தெளிவாக்குகிறது. எலும்புத் தசையின் ஒவ்வொரு நாரும் பல உட்கருக்களைக் கொண்ட நீண்ட உயிரணு. அதன் சவ்வின் இருபுறமும் எதிரெதிர் மின்னூட்டங்கள் நிற்கின்றன. ஓய்வு நிலையில் உட்புறம் ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் எதிர்மின்தன்மை உடையது. லெய்டன் சாடி என்ற உவமை பெரிதும் பிழைபடவில்லை! நரம்பின் தூண்டல் வந்தடைந்ததும் அம்மின்நிலை மாறுகிறது. நாரினுள் கால்சியம் வெளிப்படுகிறது. மையோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. இழைகள் தாம் குறுகுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதாலேயே தசை குறுகுகிறது. இவ்வுண்மையை 1954-இல் ஹக்ஸ்லி என்னும் ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவர் தத்தம் துணை ஆய்வாளருடன் தனித்தனியே வெளியிட்டனர். மின்தூண்டல் கட்டளை மட்டுமே. உழைப்பிற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் தருகிறது. இவ்வளவில் கால்வானியின் கருத்து திருத்தம் பெற்றுள்ளது.

மருத்துவமனையில் இதயத்துடிப்பு தாளில் கோடுகளாக வரையப்படும்போது, அங்கே பதிவாவது தசையின் மின்னாற்றலே. மின்னோட்டமானியின் ஆங்கிலப் பெயரிலும் கால்வானியின் பெயர் வாழ்கிறது. கண்டதைக் கண்டவாறே உரைத்தார். மறுப்பு வந்தபோது மேலும் ஆய்ந்தார். பதவியைக் காக்க மனச்சான்றை விற்க மறுத்தார். ஆய்வுக்கூடத்திலும் வாழ்விலும் அவர் காத்த நேர்மை ஒன்றே. கல்வி கற்போர் அவரிடம் கற்கத்தக்கது தசையியல் மட்டுமன்று.