துறைமுகத்துக் கணக்குப்பிள்ளை

குட்டீஸ், சங்ககிரியில் ரயில் ஏறி ஈரோடு போயிருக்கிறீர்களா? அந்த ஈரோட்டில், அம்மா வழித் தாத்தா வீட்டில், 1887 டிசம்பர் 22ல் பிறந்தவர் தான் கணித மேதை ராமானுஜன். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வழியாகப் போனால் நாமக்கல். அங்கே நரசிம்மர் கோவிலில் இருக்கும் நாமகிரித் தாயார், அவர் குடும்பம் கும்பிட்ட தெய்வம்.

வளர்ந்தது கும்பகோணத்தில். கணக்கில் புலி, மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். வேலை முடிந்ததும் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்து விடுவார். காகிதம் வாங்கக் காசு ஏது? போட்ட கணக்கை முழங்கையாலேயே அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிக் கொள்வார்.

சூத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், தாயார் கனவில் தந்தது என்பார். கனவில் வந்து விட்டதே என்று சும்மா இருந்தாரா? அது தான் இல்லை! எழுந்ததும் எழுதி வைத்து, சரி பார்ப்பார்.

1913ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவரோ இங்கிலாந்துக்கே வரச் சொல்லி விட்டார். வந்தது சிக்கல்! கடல் தாண்டினால் ஆசாரம் கெட்டு விடும், உறவுகள் ஒதுக்கி வைத்து விடும் என்ற காலம் அது. அம்மா கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. மேலதிகாரி நாராயண ஐயருடன் நாமக்கல் போன ராமானுஜன், மூன்று இரவுகள் கோவிலிலேயே படுத்திருந்தார். மூன்றாம் இரவு கனவில் உத்தரவு கிடைத்தது என்பார்கள். அம்மாவின் கனவில் தாயார் வந்து, மகனைத் தடுக்க வேண்டாம் என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. எப்படியோ, 1914 மார்ச் 17ல் கப்பல் ஏறினார்.

வேடிக்கை என்ன தெரியுமா? ஹார்டிக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது! அவரிடம் கனவு செல்லாது, நிரூபணம் வேண்டும். பகா எண்கள் பற்றி ராமானுஜன் எழுதிய சில முடிவுகள் தவறு என்றும் தெரிந்தது. நிரூபிக்கும் முறையை அங்கே தான் ராமானுஜன் முறையாகக் கற்றார். ஆனால், சைவச் சாப்பாட்டை மட்டும் விடவில்லை. உலகப் போர்க்காலம், காய்கறிக்கே தட்டுப்பாடு. தானே சமைத்து, அரைகுறையாகச் சாப்பிட்டதில் உடம்பு கெட்டது.

1918ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1919ல் ஊர் திரும்பினார். படுத்த படுக்கையிலும் சிலேட்டை விடவில்லை. 1920 ஏப்ரல் 26ல் மறைந்த போது வயது 32 தான். கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள், 1976ல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கிடைத்தன. 600க்கு மேல் சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் எழுதப்படவில்லை. அவற்றை நிரூபிக்கக் கணித அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.