கோட்டின் அகலத்தில் நட்சத்திரத்தைப் படித்தவர்: யார் இந்த வைணு பாப்பு?

முட்டம் கடற்கரையில் நின்று டிசம்பர் ராத்திரி அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். கொஞ்சம் தள்ளி மங்கலாக ஒரு திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அங்கே நட்சத்திரங்கள் பிறக்கின்றன. இளம் நட்சத்திரங்களைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டு மாதிரி சுழல்கின்றன. கோள்கள் உருவாவது அந்தத் தட்டில்தான்.

அவ்வளவு தூரத்தில் சுழலும் வாயுவின் வேகத்தை எப்படி அளப்பது? ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் வரும் கோடுகளைப் படிக்க வேண்டும். அந்த வித்தையில் உலகப் பெயர் வாங்கியவர், சென்னையில் பிறந்த வைணு பாப்பு.

தொலைநோக்கியோடு வளர்ந்தவர்

பிறந்தது 1927-ல். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை. அதனால் சின்ன வயசிலேயே வானம் பழகிவிட்டது. ஹார்வர்டில் படிக்கும்போது, 1949-ல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதன் பெயரில் பாப்புவும் இருக்கிறார்.

1957-ல் ஒலின் வில்சனுடன் சேர்ந்து வெளியிட்டதுதான் பெரிய விஷயம். சிலவகை நட்சத்திரங்களின் நிறமாலையில், கால்சியத்தின் இருண்ட கோட்டுக்கு நடுவே மெல்லிய பிரகாசம் தெரியும். அதன் அகலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான ஒளிர்வு தெரிந்துவிடும். ஒளிர்வு தெரிந்தால் தூரமும் தெரியும். இதற்குப் பெயர் வில்சன்–பாப்பு விளைவு.

காவலூர் கனவு

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் ஊர் திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்கு இயக்குநர். பிறகு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி. அடுத்து 2.34 மீட்டர். அதை வெளியே வாங்காமல் இங்கேயே வடிவமைத்துச் செய்ய முடிவெடுத்தார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியதும் இங்கேதான்.

இப்போது என்ன நடக்கிறது?

கிட்டே வரும் ஆம்புலன்ஸின் சைரன் ஒரு மாதிரி, விலகும்போது வேறு மாதிரி கேட்கும் அல்லவா? வாயுத் தட்டிலும் அதே கதைதான். ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறுபாதி விலகுகிறது. அதனால் அகச்சிவப்பு ஒளியில் தெரியும் கார்பன் மோனாக்சைடு கோடுகள் அகன்றுவிடும். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வாயு வேகமாகச் சுழலும். கோடு இன்னும் அகலும். ஆக, வாயு எவ்வளவு தூரத்தில் சுழல்கிறது என்பதைக் கோட்டின் அகலமே காட்டிக்கொடுக்கும். அகலத்துக்கான காரணம் பாப்பு பார்த்ததிலிருந்து வேறு. படிக்கும் வித்தை ஒன்றுதான்.

ஒரு சிக்கல்: காற்றிலுள்ள ஈரம் அகச்சிவப்பை விழுங்கிவிடும். கடலோரம் இதற்குச் சரிப்படாது. அதனால்தான் பாப்பு வளர்த்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கியை வைத்திருக்கிறது.

பார்க்காமலே போனார்

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தபோது, 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பாப்பு காலமானார். வயது 55. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டியது 1986-ல். அதன் வழியே ஒரு நட்சத்திரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. ஆனால் பெரிய தொலைநோக்கியை நம்மாலேயே செய்ய முடியும் என்பதை அது நிரூபித்துவிட்டது.