வாக்கைக் காத்த சுல்தான்

சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டதும் நம் கண்முன் வருவது வாளும் போர்க்களமுமே. அன்னார் தம் வாழ்வின் கடைசிக் காலத்தில் செய்த சமாதான உடன்படிக்கையை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஹிஜ்ரி 532ல் (கி.பி. 1137-38) இராக்கிலுள்ள திக்ரீத்தில், குர்து இனக் குடும்பத்தில் பிறந்தார்கள். ஷாம் தேசத்தை ஆண்ட நூருத்தீன் ஸங்கி (ரஹ்) அவர்களின் படையில், சிறிய தந்தை ஷீர்கூஹுடன் மிஸ்ருக்குச் சென்று, 1169ல் அங்கே அமைச்சரானார்கள். 1174ல் நூருத்தீன் மறைந்தபின் மிஸ்ரும் ஷாமும் படிப்படியாக அன்னாரின் ஆட்சியில் ஒன்றுபட்டன.

இடையே பலஸ்தீனக் கடற்கரையும், 1099 முதல் பைத்துல் முகத்தஸும் சிலுவைப் படையினர் வசம் இருந்தன. 1185ல் இரு தரப்பாரும் போர் நிறுத்தம் செய்துகொண்டனர். கரக் கோட்டைத் தலைவன் ரெஜினால்ட் அதை மீறி முஸ்லிம் வணிகர் கூட்டத்தைக் கொள்ளையிட்டான்; பிடித்தவர்களை விடும்படி சுல்தான் கேட்டும் மறுத்தான். அதன் முடிவே 1187 ஜூலையில் ஹித்தீன் போர். அவ்வாண்டு ரஜப் பிறை 27ல் பைத்துல் முகத்தஸ் மீண்டது. 1099ல் அந்நகரில் ஓடிய இரத்தத்துக்குச் சுல்தான் பழிவாங்கவில்லை. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் மீட்புத்தொகை வாங்கிக்கொண்டு வெளியேற விட்டார்கள். கட்ட இயலாத ஏழைகள் அனைவருக்கும் விடுதலை கிட்டவில்லை. ஆயினும் சுல்தானும் அவர்களின் சகோதரர் அல் ஆதிலும் பலரை விடுவித்தனர்.

பிறகு இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு கடல் கடந்து வந்தார். 1191ல் அக்கா நகர் வீழ்ந்தது. சரணடைந்த முஸ்லிம்கள் சுமார் 2,700 பேர் கொல்லப்பட்டனர். அத்தகைய எதிரியுடன் சமாதானம் பேச எந்த மனம்தான் இடங்கொடுக்கும்? சுல்தானின் மனமும் போரைத் தொடரவே விரும்பியது. ஆனால் படையினர் களைத்திருந்தனர்; நாடு நலிந்திருந்தது. தளபதிகளுடன் ஆலோசித்து, தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தார்கள். ரிச்சர்டு நோயுற்றபோது பழங்களும் பனிக்கட்டியும் அனுப்பினார்கள்.

ஹிஜ்ரி 588 ஷஃபான் பிறை 22ல் (2-9-1192) மூன்று ஆண்டு எட்டு மாதங்களுக்கு உடன்படிக்கை ஏற்பட்டது. யாஃபா முதல் ஸூர் வரையான கடற்கரை அவர்களுக்கு. பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களுக்கு. அஸ்கலான் கோட்டை இடிக்கப்பட வேண்டும். வணிகரும் யாத்திரிகரும் அச்சமின்றிப் போய்வரலாம்.

கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை. தம் அனுமதிச் சீட்டு இல்லாத கிறிஸ்தவ யாத்திரிகரைத் தடுக்கும்படி ரிச்சர்டே கேட்டபோதும், நெடுந்தூரம் வந்தவர்களைத் திருப்பியனுப்பச் சுல்தான் இசையவில்லை. அவர்களுக்கு உணவளித்து உபசரித்தார்கள்.

அமைதி கிடைத்தபின், தவறிய நோன்புகளைக் களாச் செய்தார்கள். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆசை மட்டும் நிறைவேறவில்லை. ஹிஜ்ரி 589 ஸஃபர் பிறை 27ல் (4-3-1193) திமிஷ்கில் காய்ச்சலால் வஃபாத்தானார்கள். இரு பெரும் நாடுகளை ஆண்டவரின் சொந்தக் கருவூலத்தில் எஞ்சியது 47 திர்ஹமும் ஒரு தீனாருமே!

1197ல் மீண்டும் போர் மூண்டது. எனினும் அல் ஆதில் அவர்கள் 1198லும் 1204லும் உடன்படிக்கையைப் புதுப்பித்தார்கள். சமாதானம் என்பது ஒருநாள் எழுதி முடித்துவிடும் காகிதமன்று. நாள்தோறும் பேண வேண்டிய அமானிதம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பங்காளியுடன் வரப்புத் தகராறு என்றால் ஸலாமையே நிறுத்திவிடும் நாம், இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

கொடுத்த வாக்கைக் காக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.