மண்ணறிந்த மன்றோ

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் பனவடலிசத்திரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வட்டாரத்து உழவரிடம் நிலத்தைப் பற்றி வினவினால், அவர் மண்ணின் பெயரையே முதலிற் கூறுவார். கரிசல் ஈரத்தை நெடுநாள் காக்கும். பருத்திக்கும் சோளத்திற்கும் ஏற்றது. கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும். செவல் நீரை விரைவில் உறிஞ்சி விரைவில் உலரும். கிணற்று நீர் கிடைப்பின் நன்கு விளையும். மேலே கரிசலாய்த் தோன்றினும் அடியிற் சுக்கான் இருக்குமாயின் வேர் இறங்காது. ஆதலின் நிறம் ஒன்றையே கொண்டு நிலத்தை மதித்தல் இயலாது.

இவ் வேற்றுமைகள் அரசாங்க ஏட்டிலும் இடம் பெற்றுள்ளன. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு புலத்திற்கும் எண், பரப்பு, மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை என்பன எழுதப்பெற்றிருக்கும். மண் கரிசலா, செவலா, வண்டலா என்பதும், அது களியா, இருவாட்டியா, மணற்பாங்கா என்பதும் வயனத்துள் அடங்கும். அதனுள் ஏற்றத்தாழ்வு ரகத்தாற் குறிக்கப்பெறும். இப் பாகுபாடு 1858ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணமெங்கும் நடைபெற்ற நிலவரித் திட்டத்தில் உருப்பெற்றது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, புலந்தோறும் அளந்து தரங்கண்டு வரி விதிக்கும் வழியைத் தென்னாட்டில் வகுத்தவருள் தலையாயவர் சர் தாமஸ் மன்றோ ஆவார்.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரால் தந்தையாரின் வணிகம் நொடித்தது. அதனால் மைந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிற் சேர்ந்து, 1780இற் சென்னைக்கு வந்தார். ஹைதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நிகழ்ந்த போர்களிற் பங்கு கொண்டார். 1792இல், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் அடங்கிய பாராமகால் கம்பெனியார் வசமாயிற்று. அங்கு வரி தண்டும் பணிக்கு அலெக்சாண்டர் ரீடு என்பாரின் கீழ் அமர்த்தப்பெற்ற மன்றோ, ஏழாண்டுகள் ஊர் ஊராகச் சென்று உழவரோடு பழகினார். போர்வீரர் நிலமறிந்தவரானது அங்கேதான்.

1800இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பை முதலிய மாவட்டங்களுக்கு அவர் தலைமை ஆட்சியாளரானார். கூடாரமே அவருக்கு இல்லமாயிற்று. 1802இல் நில அளவை தொடங்கியபோது, அளக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே இருந்தனர். ஏனையோர்க்குக் கற்பித்தே வேலை நடத்த வேண்டியிருந்தது. 33 அடிச் சங்கிலி கொண்டு ஒவ்வொரு புலமும் அளக்கப்பெற்றது. அளப்போர் பின்னே தரம் பிரிப்போர் சென்றனர். அவர்கள் ஊர்த்தலைவரையும் கர்ணத்தையும் குடிகளையும் உடன் வைத்துக்கொண்டு, நன்செய், புன்செய், தோட்டம் என வகுத்து, ஒவ்வொன்றினுள்ளும் மண்ணின் தரம் கண்டனர். ஏர் பிடித்தவன் அறிவையும் அரசாங்கக் கணக்கில் ஏற்றியது இம்முறையின் சிறப்பு. எனினும், தரம் ஒருபடி உயர எழுதப்பட்டால் உழவன் ஆண்டுதோறும் மிகை வரி செலுத்த நேரும். ஆதலின் ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் சென்று சரிபார்த்தனர்.

வேலை முடிந்தபின் மன்றோ ஓர் உண்மையைக் கண்டார். தரம் எத்துணைச் செம்மையாகப் பிரிக்கப்பெற்றிருப்பினும், மொத்த வரி மிகையாயின் குடி உய்யாது. அரசு கொள்வது விளைச்சலில் நூற்றுக்கு 45 பங்கு என்பது அவர் மதிப்பு. அதனை மூன்றில் ஒரு பங்களவிற்குக் குறைக்க வேண்டுமென்று 1807இல் மேலிடத்திற்கு எழுதினார். பொதுவாக நாலில் ஒரு பகுதியும், கிணற்றுப் பாசன நிலங்களுக்கு மூன்றில் ஒரு பகுதியும் தள்ளுபடி செய்யுமாறு வேண்டினார். தாமே விதித்த வரியைத் தாமே மிகையென்று உரைத்தல் அதிகாரிகளிடம் அரிதாகக் காணப்படும் பண்பு. கம்பெனியாரோ வருமானம் குன்றுமென அஞ்சி மறுத்தனர். மன்றோ தாயகம் சென்றார்.

அவர் சென்ற பின்னர் ஊர்களை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் முறை வந்தது. புலந்தோறும் கண்ட தரம் அதனாற் பயனற்றுப் போயிற்று. குத்தகைதாரர் பலர் பணம் கட்ட இயலாது நொடித்தனர், குடிகளும் நலிந்தனர். பின்னர்க் கம்பெனியாரே அம்முறையைக் கைவிட்டனர். 1820இற் சென்னை மாகாண ஆளுநராக அமர்ந்த மன்றோ, இரயத்துவாரி முறையை நிலைபெறச் செய்து, தாம் முன்பு கேட்டு மறுக்கப்பெற்ற வரிக்குறைப்பையும் அம் மாவட்டங்களில் நடைமுறைக்குக் கொணர்ந்தார். குறைந்த பின்னும் வரி இலேசானதன்று. அயலார் ஆட்சியின் கருவூலத்தை நிரப்புவதே அவர் பணியாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

பதவியினின்று விலகத் துணிந்த அவர், தாயகம் புறப்படுமுன் தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களை இறுதியாக ஒருமுறை காண விரும்பிப் பயணம் மேற்கொண்டார். வழியில் வாந்திபேதி நோயுற்று, 1827ஆம் ஆண்டு சூலை மாதம் 6ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊரில் உயிர் துறந்தார். அங்கே அவர் நினைவாகத் தோப்பு ஒன்று வைத்துக் கிணறும் வெட்டினர். அந்நாட்டுக் குடிகள் சிலர் தம் மக்களுக்கு மன்றோலப்பா எனப் பெயரிட்டு அழைத்தனர்.